தூண் போன்ற காலும் அரிவாள் போன்ற காலும்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் திருவான்மியூரில் வசிக்கிறோம். 14 வயதாகும் என் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் குதிரையேற்றம் கற்று வருகிறாள். அவளுக்கென ஒரு குதிரை வாங்கிக் கேளம்பாக்கத்துக்கு அருகில் உள்ள எங்கள் தோப்பில் வளர்க்க எண்ணியிருக்கிறோம். இரண்டு குதிரைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகளாகப் பயிற்சிக்குப் பயன்பட்டு வரும் 8 வயதுச் செந்நிறப் பெண் குதிரை. நொண்டல் இல்லை, ஆனால் பின்னங்கால்கள் அரிவாள் போல முன்பக்கமாக வளைந்திருக்கின்றன, பின்னாலிருந்து பார்த்தால் முட்டிகள் சற்று உள்ளே திரும்பியும் உள்ளன. மற்றொன்று 5 வயதான, காயடித்த வெள்ளைக் குதிரை. அதன் பின்னங்கால்கள் தூண் போல நேராக இருக்கின்றன. நேரான கால்தான் வலுவான கால் என்றும், உடலின் மயிர்ச் சுழிகளும் நல்ல இடத்தில் இருக்கின்றன என்றும் தரகர் சொல்கிறார், விலையும் கூடுதல். காலையில் கொட்டிலிலிருந்து வெளியே வரும்போது மட்டும் ஒரு பின்னங்காலைச் சற்று இழுக்கிறது. சுளுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். எங்கள் மனம் வெள்ளைக் குதிரையின் மேல்தான் இருக்கிறது. பெண் குதிரையின் கால் அமைப்பு பின்னாளில் நோயாக மாறுமா? லாடம் அடித்து அதை நிமிர்த்த முடியுமா? பின்னாளில் அது குட்டி போட்டால் அந்தக் குறை குட்டிக்கும் வருமா? தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறோம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். வாங்கிய பிறகு அழைப்பவர்களே மிகுதி என்பதால், வாங்கும் முன்பே நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், முறையான பரிசோதனையில் தேறினால், அந்தச் செந்நிறப் பெண் குதிரையை வாங்குங்கள். உங்கள் மனம் விரும்பும் வெள்ளைக் குதிரையை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் காலை நேர இழுப்பைப் படித்தபோதே எனக்குக் கவலை ஏற்பட்டது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் நேரான பின்னங்கால், கண்ணுக்குக் குறையாகத் தெரியும் வளைந்த பின்னங்காலைவிடப் பல நேரங்களில் ஆபத்தானது. அது ஏன் என்பதை உங்கள் மகளும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்க முயல்கிறேன்.

குதிரையின் பின்னங்காலில் பின்புறமாகக் கூர்ந்து நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நீங்களும் முட்டி என்றே எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது நம் கணுக்காலுக்கு நிகரானது. அந்தக் கூர்முனை நம் குதிகால். அதை ஹாக் மூட்டு என்கிறோம். நம் முழங்காலுக்கு நிகரான மூட்டு அதற்கும் மேலே, வயிற்றோரமாகத் தொடைச் சதைக்குள் பாதி மறைந்திருக்கிறது. அதன் பெயர் ஸ்டைஃபிள். இந்த இரண்டு மூட்டுகளும் தனித்தனியாக இயங்குவதில்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஓடும் இரண்டு உறுதியான நாண்கள் அவற்றைப் பிணைத்திருப்பதால், ஸ்டைஃபிள் மடங்கினால் ஹாக்கும் மடங்கும், ஸ்டைஃபிள் நீண்டால் ஹாக்கும் நீளும். ஆகவே ஹாக்கின் கோணம் தவறியிருக்கும் குதிரையில் ஸ்டைஃபிளின் கோணமும் பெரும்பாலும் தவறியிருக்கும். நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்கினாலும், உடலை முன்னோக்கி உந்துவது பின்னங்கால்களின் பணி. ஓடவும் தாவவும் சரிவில் இறங்கவும் சட்டென நிற்கவும் தேவைப்படும் விசையின் பெரும்பகுதி இந்த மூட்டுகளின் வழியாகவே செல்கிறது.

ஹாக் என்பது ஒரே மூட்டும் அன்று. நான்கு அடுக்குகள் கொண்ட ஒரு கட்டடம் போல அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். மேலடுக்கில்தான் ஏறத்தாழ எல்லா அசைவும் நிகழ்கிறது. கீழே உள்ள அடுக்குகள் மிகச் சிறிதளவே அசைந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. காலின் அமைப்பு மாறும்போது எந்த அடுக்கில், எந்தப் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது என்பதைப் பொறுத்தே நோயின் இடம் அமைகிறது.

சரியான அமைப்பை அறிய ஓர் எளிய முறை உண்டு. சுவர் எழுப்பும்போது கொத்தனார் தொங்கவிடும் குண்டுநூலைப் போல, குதிரையின் பின்தட்டில் துருத்தி நிற்கும் எலும்பு முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த நூல் ஹாக்கின் கூர்முனையைத் தொட்டு, அதற்குக் கீழே நீண்டிறங்கும் கேனன் எனப்படும் எலும்பின் பின்விளிம்பை ஒட்டியே இறங்கி, குளம்பின் பின்பகுதிக்குச் சில அங்குலம் பின்னால் தரையைத் தொட வேண்டும். குதிரை சமதளத்தில், நான்கு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து, கேனன் எலும்பு தரைக்குச் செங்குத்தாக நிற்கும்போது மட்டுமே இதைப் பார்க்க வேண்டும். ஓய்வாக ஒரு காலைத் தளர்த்தி நிற்கும் குதிரையைப் பார்த்துக் குறை சொல்வதும், தரகர் தனக்கு வசதியாக நிறுத்திக் காட்டும் குதிரையைப் பார்த்து நிறைவடைவதும் ஒரே வகைத் தவறுதான்.

இப்போது பெண் குதிரைக்கு வருவோம். நீங்கள் அரிவாள் என்று எழுதியிருப்பது மிகப் பொருத்தமான சொல். ஆங்கிலத்திலும் அரிவாளை வைத்தே இந்த அமைப்புக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சாதாரணமாக 155 முதல் 165 பாகை வரை இருக்கும் ஹாக்கின் கோணம் இந்த அமைப்பில் அதைவிடக் குறைந்து, கேனன் எலும்பு முன்னோக்கிச் சாய்ந்து, குளம்பு வயிற்றுக்கு அடியில் சென்றுவிடுகிறது. விளைவாக, ஒவ்வொரு அடியிலும் ஹாக்கின் பின்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நீண்ட தசைநாரும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. கீழடுக்கு மூட்டுகளின் முன்பகுதி அமுக்கப்படுகிறது. பின்புற இழுவையால் வருவது கர்ப் எனப்படும் வீக்கம். ஹாக்கின் கூர்முனைக்கு ஏறத்தாழ நான்கு விரற்கடைக்குக் கீழே, நேராக இருக்க வேண்டிய பின்விளிம்பு சற்றுப் புடைத்துத் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். அந்தப் புடைப்புக்குள் காயப்பட்டிருப்பது தசைநாரா, தசைநாணா, அல்லது வெறும் தோலடித் திசுவா என்பதை அல்ட்ராசவுண்ட் செய்துதான் சொல்ல முடியும். மூன்றுக்கும் ஓய்வுக்காலம் வேறு வேறு. பழைய, வலியற்ற, உறைந்துபோன புடைப்பு பெரும்பாலும் அழகுக் குறை மட்டுமே.

முன்பகுதி அமுக்கத்தால் வருவதே நான் அதிகம் கவனிக்கச் சொல்லும் நோய். அதற்குப் போன் ஸ்பாவின் என்று பெயர். எளிதாகச் சொன்னால், ஹாக்கின் கீழடுக்கு மூட்டுகளில் வரும் மூட்டுத் தேய்மானம். இது ஒரு நாளில் வருவதில்லை. இரண்டு கால்களிலும் ஒரே அளவில் வந்துவிட்டால் குதிரை நொண்டுவது வெளியே தெரியாமலே போகலாம். எட்டு வைக்கும் நீளம் குறையும். பின்குளம்பின் முன்நுனி தரையில் உரசித் தேயும். ஒரு பக்கமாக மட்டும் கேன்டர் எனப்படும் மிதமான பாய்ச்சலில் ஓட மறுக்கும். சேணம் வைக்கும்போது முதுகை நெளிக்கும். காலையில் விறைப்பாகக் கிளம்பிப் பத்து நிமிடத்தில் இளகிவிடும். இந்த அறிகுறிகளையெல்லாம் குணக்கேடு என்றும் சோம்பல் என்றும் முடிவு செய்து சாட்டையை எடுத்தவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். வலியைப் பேசத் தெரியாத விலங்கு நடத்தையால்தான் அதைச் சொல்கிறது என்பதை உங்கள் மகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

ஆனால் இந்த நோய்க்கு ஓர் ஆறுதலான பக்கமும் உண்டு. பாதிக்கப்படும் மூட்டுகள் அசைவு குறைந்தவை என்பதால், வலியைக் கட்டுக்குள் வைத்து அளவான வேலை கொடுத்தால் பல குதிரைகள் ஆண்டுக்கணக்கில் இலேசான சவாரிக்குப் பயன்படுகின்றன. சிலவற்றில் அந்த மூட்டுகள் எலும்பாக ஒட்டிப்போய் வலியே நின்றுவிடுகிறது. அது எப்போது நடக்கும், நடக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே அதை நம்பி ஒரு நோயுற்ற குதிரையை வாங்கக் கூடாது. எனினும் உங்கள் பெண் குதிரை இளமையில் பந்தயத்தில் ஓடி, அதன்பின் மூன்று ஆண்டுகள் பயிற்சி மாணவர்களைச் சுமந்து, 8 வயதில் நொண்டல் இல்லாமல் நிற்கிறது. காலின் வடிவம் என்ன தீங்கு செய்யக்கூடும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கால் இதுவரை என்ன தாங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியே நம் முன்னால் நிற்கிறது. அந்தச் சாட்சியை எக்ஸ்ரே உறுதிசெய்தால், எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரும்.

முட்டிகள் உள்ளே திரும்பியிருப்பதைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. இதைப் பசுவின் பின்னங்கால் அமைப்போடு ஒப்பிடுவது வழக்கம். குதிரையின் ஸ்டைஃபிள் இயல்பாகவே சற்று வெளிநோக்கி அமைந்திருப்பதால், ஹாக் முனைகள் கொஞ்சம் உள்ளே நெருங்கிக் குளம்புகள் கொஞ்சம் வெளியே திரும்பி நிற்பது பல நல்ல குதிரைகளில் காணப்படும் இயல்பே. ஹாக்குக்குக் கீழே இரண்டு கேனன் எலும்புகளும் பின்னாலிருந்து பார்க்கையில் ஒன்றுக்கொன்று இணையாக இறங்கினால் கவலைப்பட வேண்டாம். ஹாக்குகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கி, அங்கிருந்து கால்கள் வெளியே விரிந்து சென்றால்தான் ஹாக்கின் உட்பக்கத்தில் அழுத்தம் கூடி, மேலே சொன்ன தேய்மானம் உட்புறமாக வேகமெடுக்கும். அரிவாள் அமைப்பும் இந்த அமைப்பும் ஒரே குதிரையில் மிகுந்த அளவில் சேர்ந்திருப்பது விரும்பத்தக்கதன்று. சற்று என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன், ஆனால் நேரில் பார்ப்பவர் அதை அளந்து சொல்லட்டும். இதற்கு நேர்மாறாக, ஹாக்குகள் வெளியே வளைந்து, ஒவ்வோர் அடியிலும் குளம்பு தரையில் திருகிக்கொண்டு ஊன்றும் குதிரையைப் பார்த்தால் மட்டும் தயங்காமல் விலகிவிடுங்கள்; அந்தத் திருகலை எந்த மூட்டும் நெடுநாள் பொறுக்காது.

இனி வெள்ளைக் குதிரை. தூண் போன்ற கால் கட்டடத்துக்கு நல்லது; ஏனெனில் கட்டடம் ஓடுவதில்லை. ஓடும் விலங்கின் பின்னங்காலுக்கு வளைவுதான் வில்சுருள். ஸ்டைஃபிளும் ஹாக்கும் உரிய கோணத்தில் மடங்கி நிற்பதால்தான் தரையிலிருந்து மேலேறும் அதிர்ச்சி தசைகளில் பரவித் தணிகிறது. கோணம் விரிந்து கால் நேராகிவிட்டால், தணிய வேண்டிய அதிர்ச்சி தணியாமல் மூட்டுகளுக்கும் தசைநார்களுக்கும் சென்று சேர்கிறது.

அந்தக் காலை நேர இழுப்புக்கு வருகிறேன். குதிரை நின்றபடியே உறங்கக்கூடிய விலங்கு. அதற்கு உதவுவது ஸ்டைஃபிளில் உள்ள ஒரு பூட்டு. சில்லு எலும்பும் அதன் உட்புறத் தசைநாரும் தொடை எலும்பின் முனையிலுள்ள ஒரு மேட்டின்மேல் கொக்கி போல மாட்டிக்கொள்ள, தசைகள் ஓய்வெடுத்தாலும் கால் மடங்காமல் நிற்கிறது. நடக்கத் தொடங்கும்போது தொடைத் தசை சில்லைத் தூக்கிக் கொக்கியைக் கழற்றிவிடும். நேரான காலில் சில்லு அந்த மேட்டுக்கு மிக அருகிலேயே நிற்பதால், கொக்கி எளிதில் மாட்டிக்கொண்டு கழலத் தாமதமாகிறது. இரவு முழுவதும் கொட்டிலில் நின்ற குதிரை காலையில் முதல் சில அடிகளில் ஒரு காலைப் பின்னால் நீட்டியபடி இழுத்து, திடீரென்று வெட்டி மடக்கி, பிறகு ஒன்றுமே நடக்காதது போல நடப்பது இதனால்தான். கிராமத்தில் மாடு வளர்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உழவு மாடுகளிலும் எருமைகளிலும் காலைப் பின்னுக்கு இழுத்துச் சுண்டி நடக்கும் இந்த நோய் நம் நாட்டில் மிகச் சாதாரணம். மாட்டில் அந்தத் தசைநாரை வெட்டிவிடும் சிறு அறுவைச் சிகிச்சை உடனடிப் பலன் தருகிறது. குதிரையில் அதே அறுவையைக் கடைசி வழியாகத்தான் செய்வோம். வெட்டிய பிறகு சில்லு எலும்பு நிலைமாறி, அதன் கீழ்முனை சிதைந்து, பூட்டு நீங்கினாலும் வலி நிலைத்துவிடும் ஆபத்து உண்டு. 5 வயதுக் குதிரையில் தொடைத் தசை மெலிந்திருப்பது மட்டுமே காரணமாக இருந்தால், அன்றாட நடைப்பயிற்சியும் நல்ல தீவனமும் கொடுத்துத் தசை ஏற ஏற இது குறையவும் கூடும். ஆனால் காலின் கோணமே காரணமாக இருக்கும்போது நான் அந்த நம்பிக்கையைக் கொடுக்க மாட்டேன். சவாரியின் நடுவில் கால் பூட்டிக்கொண்டால் கீழே விழப்போவது 14 வயதுக் குழந்தை.

நேரான காலின் தீங்கு அதோடு முடிவதில்லை. ஹாக்கின் மேலடுக்கில் நீர் கோத்து, முன்புற உட்பக்கத்தில் மெத்தென்ற வீக்கம் வருவது உண்டு. பாக் ஸ்பாவின் எனப்படும் அந்த வீக்கத்தை விரலால் அழுத்தினால் நீர் பின்பக்கப் பைக்கு ஒதுங்குவதை உணரலாம். அதைவிடக் கடுமையானது, கேனன் எலும்பின் பின்னால் ஓடி, குளம்புக்குச் சற்று மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டைத் தொட்டில் போலத் தாங்கும் தசைநாரின் காயம். நேரான ஹாக் உள்ள குதிரையில் அந்தத் தசைநார் எப்போதும் மிகை இழுப்பில் இருக்கிறது. பின்னங்காலில் அது மேல்முனையில் கிழிந்தால், எலும்புகளுக்கிடையே இருக்கும் இறுக்கமான இடத்தில் வீங்கி நரம்பை நெருக்குகிறது; முன்னங்காலில் அதே காயம் ஓய்வில் ஆறுவது போலப் பின்னங்காலில் ஆறுவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். பிறப்பிலேயே நேராக அமைந்த கால் ஒன்று. காலப்போக்கில் நேராகிப்போன கால் வேறொன்று. தாங்கு தசைநார் படிப்படியாகச் சிதையும் ஒரு நோயில், ஃபெட்லாக் தரையை நோக்கித் தாழத் தாழ, மேலே ஹாக்கும் ஸ்டைஃபிளும் நேராகிக்கொண்டே போகும். அதற்கு மருந்தில்லை. ஆகவே நேரான பின்னங்காலைக் காணும்போதெல்லாம் ஃபெட்லாக்கின் உயரத்தைப் பார்ப்பதும், ஓராண்டுக்கு முன் எடுத்த புகைப்படம் இருந்தால் கேட்டு வாங்கி ஒப்பிடுவதும் என் வழக்கம்.

இந்த வழக்கம் எனக்கு ஓர் இழப்புக்குப் பின் வந்தது. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், மிக அழகாக நிமிர்ந்து நின்ற ஓர் இளம் குதிரையை, அன்று நொண்டவில்லை என்ற ஒரே காரணத்தால் வாங்கலாம் என்று ஒரு குடும்பத்துக்குச் சொன்னேன். காலின் கோணத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன், ஆனால் அதன் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு பின்னங்கால்களிலும் தாங்கு தசைநார் கிழிந்தது. அந்தக் குதிரை மீண்டும் சவாரிக்குத் திரும்பவேயில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

சுழி பார்ப்பது நம் ஊரில் தலைமுறைகளாக வந்த பழக்கம். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையானாலும் வேறு சந்தையானாலும் குதிரையைச் சுற்றி வந்து முதலில் சுழியைத் தேடுபவர்களே அதிகம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனநிறைவுக்குப் பார்க்கட்டும். சுழி இருக்கும் இடத்துக்கும் மூட்டின் நலத்துக்கும் தொடர்பு இருப்பதாக இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை என்பதால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பரிசோதனைக்கு வருவோம். விற்பவருக்கு வேண்டிய மருத்துவரை விடுத்து, குதிரை வைத்தியத்தில் பழக்கமுள்ள, நீங்களே கட்டணம் கொடுத்து அழைத்துவரும் மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். குதிரை கொட்டிலில் இரவு முழுவதும் நின்ற பிறகு, விடியற்காலையில், நடக்கத் தொடங்கும் முதல் பத்து அடிகளை அவர் பார்க்கட்டும். மூட்டுத் தேய்மானமும் சில்லுப் பூட்டும் தம்மை வெளிக்காட்டும் நேரம் அதுதான். விற்பவர் முன்கூட்டியே குதிரையை நடத்திச் சூடேற்றி வைத்திருந்தால் அன்று திரும்பி வந்துவிடுங்கள். பிறகு கெட்டியான தரையில் நேர்கோட்டில் நடையும், ட்ராட் எனப்படும் மெல்லோட்டமும், மென்மையான தரையில் இரு பக்கமும் வட்டமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பின்னங்காலையும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மடக்கிப் பிடித்திருந்துவிட்டு உடனே ட்ராட் ஓட வைக்கும் சோதனை உதவும். ஆனால் அது ஸ்டைஃபிள், ஹாக், ஃபெட்லாக் மூன்றையும் ஒருசேர மடக்குவதால், வலி எங்கே என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. எனவே இரண்டு ஹாக்குகளுக்கும் நான்கு கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இலேசான மாற்றம் தெரிந்தாலும் குதிரை நலமாக இருக்கலாம், படம் தெளிவாக இருந்தும் வலி இருக்கலாம் என்பதால், படத்தையும் நடையையும் சேர்த்துவைத்தே முடிவு செய்ய வேண்டும். விற்பனைக்கு முன் வலி மருந்து கொடுத்துக் குதிரையை நிறுத்துவது அரிதன்று. அன்றே இரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

லாடத்தைப் பற்றி நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி. 8 வயதில் எலும்புகளின் வளர்ச்சி முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. எந்த லாடத்தாலும் அந்தக் காலை நிமிர்த்த முடியாது. நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று குளம்பை ஒரு பக்கம் மட்டும் அதிகம் செதுக்கினால், வளைவுக்கேற்பப் பழகிப்போன மூட்டுகள் புதிய கோணத்தில் அமுக்கப்பட்டு, இல்லாத நோய் வரும். கோணல் காலைச் செதுக்கியும் சிறு அறுவை செய்தும் திருத்தும் காலம், குட்டி பிறந்த முதல் சில மாதங்கள் மட்டுமே. ஆனால் வளைவை வைத்துக்கொண்டே அதன் சுமையைக் குறைக்க லாடத்தால் நிச்சயம் முடியும். அரிவாள் கால் உள்ள குதிரையின் பின்குளம்பில் முன்நுனி நீண்டு, பின்பகுதி தாழ்ந்துபோகும். முன்நுனியைக் குட்டையாக வைத்து, குளம்பு தரையிலிருந்து எளிதாக உருண்டு எழும்படி லாடத்தின் முன்விளிம்பை மழுக்கி, பின்பகுதிக்குச் சற்று நீண்ட தாங்கல் கொடுத்தால் ஹாக்கின் பின்புற இழுவை தளரும். ஐந்து அல்லது ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் குளம்பைச் சீர் செய்ய வேண்டும். கிண்டிப் பந்தயச் சாலையைச் சுற்றிப் பல ஆண்டுகள் வேலை பார்த்த லாடக்காரர்களும், சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர்களும் நம் நகரில் இருக்கிறார்கள். அவர்களில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மருத்துவரோடு கலந்து பேச விரும்பும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு தரையைப் பற்றி மிகுந்த கவனம் வேண்டும். உங்கள் இடத்துக்குக் கடற்கரை அருகில் என்பதால் மகள் மணலில் ஓட்ட ஆசைப்படுவாள். கால் புதையும் உலர்மணலில் ஓட்டுவது ஹாக்குக்கும் தாங்கு தசைநாருக்கும் மிகுந்த பளு. அலை வந்து போய் இறுகியிருக்கும் ஈரமணலில் நடத்தலாம். ஓட்டத்தைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். தார்ச் சாலையில் ட்ராட் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் தோப்பின் களிமண் சேறாகி வழுக்கும். வழுக்கும்போது ஹாக் திருகிக்கொள்ளும் என்பதால், மழை தொடங்கும் முன்பே ஐப்பசியை மனத்தில் வைத்து ஒரு பகுதியையாவது மேடாக்கிக் கிராவலும் மணலும் கொட்டி வைத்துவிடுங்கள். சிறிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதையும் உயரத் தாண்டல்களையும் தவிர்க்க வேண்டும். ஒரு வாரம் முழுக்கக் கொட்டிலில் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டுவது இந்தக் காலுக்குச் செய்யும் பெரிய தீமை; அன்றாடம் அரை மணி நேர நடை அதைவிடப் பல மடங்கு மேலானது. எடையைப் பொறுத்தவரை உங்களுக்குக் கவலை இல்லை. 45 கிலோ எடையுள்ள பெண்ணும் 8 கிலோ சேணமும் சேர்ந்து 53 கிலோ; 420 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 13 விழுக்காட்டுக்கும் குறைவு. குதிரையைக் கொழுக்க விடாதீர்கள்; கொள்ளும் தவிடும் குறைவாக, புல் நிறைவாகக் கொடுங்கள்.

வலி தெரிந்தால் மருந்துக் கடையில் கைக்குக் கிடைத்த ஊசியை வாங்கிப் போட வேண்டாம். டைக்ளோபெனாக் 2006-லும், கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023-லும் விலங்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாதென நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. அம்மருந்துகள் தங்கிய கால்நடைகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்ததே காரணம். குதிரைக்கு ஏற்ற மருந்துகளும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் போடும் ஊசியும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

குட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால் அமைப்பு ஓரளவு பரம்பரை வழியாக வருவதுதான். நல்ல பின்னங்கால் உள்ள ஆண் குதிரையோடு சேர்த்தால் குறை நீங்கிவிடும் என்று உறுதி கூற முடியாது. மகளின் சவாரிக்காக வாங்கும் இந்தக் குதிரையை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் தெளிவான கருத்து.

பெண் குதிரையைப் பரிசோதிக்கும் நாளில், சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து இரண்டு, நேர் பின்னாலிருந்து ஒன்று என மூன்று புகைப்படங்கள் எடுங்கள்; கேமராவை ஹாக்கின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களோடு அவற்றையும், விடியற்காலையில் முதல் பத்து அடிகள் நடக்கும் காணொளியையும் எனக்கு அனுப்பிவையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.